முதலாளியிடம் கசப்பானதைச் சொல்லியாச்சு, இப்போ ‘சொல்லியிருக்க வேண்டாமோ’ன்னு மனசு அரிக்குது. என்ன செய்யலாம்?

நூல்கண்டு கேட்டது:

தனியாக ஆலோசனைத் தொழில் செய்கிறேன். திருப்பூர் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் காஸ்டிங் பார்ப்பது, ஆர்டர் நேரத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது, இதுதான் வேலை. இப்போது இருப்பது அண்ணன் தம்பி இருவர் நடத்தும் கம்பெனி, ஆறு மாத ஒப்பந்தம். பையர், பேங்க் எல்லாம் அண்ணன். புரொடக்‌ஷன் முழுக்கத் தம்பி.

மாதாந்திர ரிவ்யூவில் ஷிப்மெண்ட் ஏன் தள்ளிப்போகிறது என்ற பேச்சு வந்தது. மார்க்கர் அப்ரூவ் ஆன பிறகும் கட்டிங் பிளான் மாறிக்கொண்டே இருக்கிறது, மாற்றச் சொல்வது தம்பிதான் என்று சொன்னேன். (மார்க்கர் என்பது விரித்த துணியில் கை, கழுத்து, முன்பக்கம் எல்லாம் எங்கெங்கே வெட்டுவது என்ற வரைபடம். தெரியாதவர்களுக்காக.) அறையில் அண்ணன், தம்பி, மெர்ச்சண்டைசர் (பையரின் ஆர்டரைத் தொடர்ந்து கவனிப்பவர்), அக்கவுண்டன்ட் நால்வரும் இருந்தார்கள். அதோடு நிற்காமல், “இதைச் சொல்ல எனக்கே பயமாத்தான் இருக்குங்கண்ணா, ஆனா சொல்லாம ஃபீஸ் வாங்குனா மனசு ஒப்பாது” என்றும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தம்பி வாயே திறக்கவில்லை. அண்ணன் “பாக்கலாங்க” என்று முடித்துவிட்டார். பின்னர் அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

நான் கேட்பது இவைதான். விளக்கி ஒரு மெசேஜ் போடலாமா, கூடாதா? நான் சொன்னது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதை எப்படிச் சோதிப்பது? படுத்தால் அந்தக் கூட்டமே திரும்பத் திரும்ப ஓடுகிறது, அதை எப்படி நிறுத்துவது? ஆபீஸில் வேலை செய்பவருக்குப் பக்கத்துச் சீட்டில் கேட்க ஆள் இருக்கும், எனக்கு இல்லை.

“தன்னம்பிக்கையோடு இருங்க” வகை பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

---

தறிமேடை பதில்:

மெசேஜ் போடாதீர்கள். இரண்டு முழு வேலைநாளாவது கை கட்டி இருங்கள். இந்த நேரத்தில் ஆலோசகர்கள் அனுப்பும் செய்தி மூன்று வகைக்குள் அடங்கும், மூன்றுமே கெடுக்கும்.

ஒன்று, “நான் அந்த அர்த்தத்துல சொல்லலைங்க” என்ற பின்வாங்கல். அண்ணன் உங்கள் பேச்சை வைத்துத்தான் வீட்டில் தம்பியிடம் பேசலாம் என்று இருந்திருப்பார். நீங்களே அதை வாபஸ் வாங்கினால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. அடுத்தது, ஐந்து பத்தி விளக்கம். அது அப்படியே தம்பிக்கு ஃபார்வர்ட் ஆகும். அண்ணனுக்கு அனுப்பும் ஒவ்வொரு வரியையும் தம்பியும் படிப்பார் என்று நினைத்துத்தான் எழுத வேண்டும். மூன்றாவதுதான் மோசம்: “இந்த மாசம் ஸ்டோர்ஸ் ஸ்டாக்கையும் சும்மாவே பாத்துத் தர்றேங்க” என்று இலவச வேலை. முதலாளி கண்ணுக்கு அது நீங்களே கட்டும் அபராதம். தப்பு செய்யாதவர் ஏன் அபராதம் கட்டுகிறார் என்று யோசிப்பார்.

இப்போது சந்தேகத்துக்கு வருவோம். உங்களுக்குள் மூன்று சந்தேகம் ஒன்றாக முறுக்கிக் கிடக்கிறது. சொன்ன விஷயம் சரியா, சொன்ன விதம் சரியா, உறவு நிற்குமா. விஷயத்தை நீங்களே ஒரு நாளில் சோதிக்கலாம். விதத்தை, அந்த அறையில் இருந்த ஒருவரிடம் கேட்டால்தான் தெரியும். உறவு நிற்குமா என்பதற்குச் சில வாரங்களுக்கு எந்தச் சோதனையும் கிடையாது. ராத்திரி மனசு மூன்றாவதையே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அதற்குத்தான் விடை கிடையாது. பகலில் முதலாவதைச் செய்யுங்கள்.

கடைசியாகப் போன 12 ஆர்டர்களை எடுங்கள். ஆர்டருக்கு ஒரு வரி. மார்க்கர் அப்ரூவ் ஆன தேதி, முதல் பல்க் கட்டிங் தேதி, நடுவில் மாற்றம் வந்ததா, மாற்றச் சொன்னது யார், ஏன், துணி வந்த தேதி, போக வேண்டிய தேதி, போன தேதி, ஏர் ஃப்ரெய்ட் (விமானத்தில் அனுப்புவது) போட்டார்களா. தேதிகள் மெர்ச்சண்டைசரின் டி அண்ட் ஏ ஷீட்டிலும் (எந்த வேலை எந்தத் தேதியில் என்ற அட்டவணை) கட்டிங் ரிஜிஸ்டரிலும் இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ரிஜிஸ்டரை நம்புங்கள், டி அண்ட் ஏ பல கம்பெனிகளில் பின்னால் உட்கார்ந்து நிரப்புவது.

பிறகு நான்கு கட்டம் போடுங்கள்: மாற்றம் வந்து லேட் ஆனவை, மாற்றம் வந்தும் நேரத்துக்குப் போனவை, மாற்றமே இல்லாமல் லேட் ஆனவை, மாற்றமில்லாமல் நேரத்துக்குப் போனவை. எல்லோரும் விட்டுவிடுவது இரண்டாவது கட்டத்தை. லேட் ஆன ஆர்டரை மட்டும் எடுத்துப் பார்த்தால் தம்பி எல்லாவற்றிலும் தெரிவார், ஏனென்றால் புரொடக்‌ஷனில் எல்லாமே அவர் கை பட்டுத்தான் போகிறது. நேரத்துக்குப் போன ஆர்டரிலும் அதே அளவு மாற்றம் இருந்திருந்தால் உங்கள் காரணம் நிற்காது. 12 ஆர்டர் என்பது சின்ன எண்ணிக்கை, விகிதம் போட்டுச் சதவீதத்தில் பேசாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘ஏன்’ என்று எழுதியிருப்பதைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும். காம்பாக்டிங்கிலிருந்து (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி எடுக்கும் இடம்) துணி டயா, அதாவது அகலம், குறைந்து வந்தால் பழைய மார்க்கர் செல்லாது, புதிதாகப் போட்டே ஆக வேண்டும். அப்போது மாற்றச் சொன்னது தம்பியாக இருந்தாலும் காரணம் தம்பி இல்லை.

அண்ணனின் மௌனம் பற்றி. குடும்பக் கம்பெனிகளைப் புரிந்துகொள்ள 1978இல் ஹார்வர்டில் டாஜியூரியும் டேவிஸும் மூன்று வட்டம் வரைந்தார்கள்: குடும்பம், உடைமை, தொழில். நீங்கள் நிற்பது தொழில் வட்டத்தில் மட்டும். அண்ணன் மூன்றிலும் நிற்கிறார். நீங்கள் ரிவ்யூ ரூமில் சொன்னதை அவர் சாப்பாட்டு மேசையில் அவிழ்க்க வேண்டும், அம்மா இருந்தால் அம்மா முன்னால். “பாக்கலாங்க” என்பதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியாது என்பதுதான் அதன் பொருள். கேலண்டரையும் பாருங்கள். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா, மாதக் கடைசி ஷிப்மெண்ட் நெருக்கடி. அந்த நாட்களில் விழும் நீல டிக்குக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

இரண்டு நாள் கழித்து அனுப்ப வேண்டியது ஒரு வேலைச் செய்தி மட்டும். “அண்ணா, போன ரிவ்யூவில் பேசினதுக்கு 12 ஆர்டர் டேட்டா எடுத்திட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை ரெடியாகும். நேர்ல அரை மணி நேரம் வேணும், உங்களுக்கு எது தோதுன்னு சொல்லுங்க.” அவ்வளவுதான். அதில் மன்னிப்பும் வேண்டாம், ‘தப்பா நினைக்காதீங்க’வும் வேண்டாம்.

---

உள்ளோட்டம் பதில்:

கவுன்சலிங் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு வருகிற இந்த அரிப்புக்கு ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று பெயர் ஒட்டிக்கொள்ளாதீர்கள். 1978இல் உளவியலாளர்கள் க்ளான்ஸ், ஐம்ஸ் இருவரும் எழுதியது, சாதனைக்குச் சான்று கண்முன்னே இருந்தும் ‘நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்று நீண்டகாலம் நினைக்கும் போக்கைப் பற்றி. உங்களுடையது ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட வாக்கியத்துக்குப் பிறகு ஆரம்பித்தது. தொடங்கிய இடம் தெரிகிற பயத்தைக் கையாள்வது எளிது.

உங்களை அதிகம் உறுத்துவது தம்பியைப் பற்றிச் சொன்னதா, “எனக்கே பயமாத்தான் இருக்கு” என்றதா? இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன். ஜெர்மனியில் மன்ஹைம் பல்கலைக்கழகத்தில் அன்னா ப்ரூக் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத்தான் பார்த்தன. உதவி கேட்பது, தவறை ஒப்புக்கொள்வது போன்ற மனம் திறக்கும் தருணங்களில், செய்கிறவர் அதைப் பலவீனமாக எடைபோடுகிறார், அதையே இன்னொருவர் செய்யும்போது பார்க்கிறவர் நல்லவிதமாக எடைபோடுகிறார். பல கற்பனைச் சூழல்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் உங்கள் முதலாளி இப்படித்தான் நினைத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் உள்ளிருந்து வரும் மதிப்பீடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று தெரிகிறது.

இன்னொன்று, 2000இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிலோவிச் குழு செய்தது. பாடகர் பாரி மேனிலோ படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள், கவனித்தவர்கள் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. குரல் நடுங்கியது, முகம் சிவந்தது போன்றவற்றுக்கு இதைப் பொருத்திக்கொள்ளலாம். தம்பி பெயரைச் சொன்னதற்குப் பொருத்த முடியாது, அது எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். ஆறுதல் தருகிறது என்பதற்காக ஆய்வை இல்லாத இடத்துக்கெல்லாம் இழுக்க வேண்டாம்.

திரும்பத் திரும்ப ஓடுவதற்கு. யோசிப்பதையும் அரைப்பதையும் பிரிக்க ஒரு கேள்வி போதும்: இந்த நினைப்பு நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியத்தில் முடிகிறதா? முடிந்தால் அது யோசனை, குறித்து வையுங்கள். ‘அவர் என்ன நினைச்சிருப்பாரோ’வில் முடிந்தால் அது அரைப்பு. அரைப்பை ‘நினைக்கக் கூடாது’ என்று அடக்கினால் கூடும். அதற்கு நேரம் ஒதுக்குவதுதான் வழி, 1983இல் போர்கோவெக் குழு சோதித்துப் பார்த்தது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைக்கு மட்டும். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு ‘ஆறு மணிக்கு’ என்று தள்ளிவைப்பது. படுக்கையறை கூடாது, படுக்கும் நேரத்துக்குப் பக்கத்திலும் கூடாது. முதல் சில நாள் தள்ளிப்போட்டது உடனே திரும்பி வரும். மறுபடி தள்ளுங்கள், அதுதான் பயிற்சி.

அந்த அரை மணி நேரத்தில் காகிதத்தில், கையால், மூன்று பத்தி. முதல் பத்தியில் அறையில் கேமரா இருந்திருந்தால் பதிவாகியிருப்பது மட்டும்: “அண்ணன் ‘பாக்கலாங்க’ என்றார். தம்பி பேசவில்லை.” இரண்டாவதில் நீங்கள் அதில் சேர்த்தது: “கோபமாயிட்டார், ஒப்பந்தத்தை முடிச்சிருவார்.” மூன்றாவதில் அதே காட்சிக்கு வேறு இரண்டு விளக்கம். நல்ல விளக்கமாக இருக்க வேண்டியதில்லை, வேறாக இருந்தால் போதும். ‘நான்’ போட்டு எழுதினால் அழுத்தம் கூடுகிறது என்றால் உங்கள் பெயரைப் போட்டு, வேறொருவரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் க்ராஸ் குழு 2014இல் இந்தச் சின்ன மாற்றமே பதற்றத்தைக் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறது. நேரம் முடிந்ததும் மூடி வைத்துவிடுங்கள். ராத்திரி எடுத்துப் படித்தால் எழுத்தும் அரைப்பாகிவிடும்.

கேட்க ஆள் இல்லை என்றீர்கள். ஆள் கிடைத்தால் அதிலும் ஒரு குழி உண்டு: ஐந்து பேரிடம் கேட்பது. ஒவ்வொரு “நீ சொன்னது சரிதான்” ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு அடுத்தவர் தேவைப்படுவார். ஒரே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தொழிலையே வேறு ஊரில் செய்பவராக இருந்தால் நல்லது, ரகசியமும் போகாது. கம்பெனி பெயர் சொல்லாமல், கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். “நான் செஞ்சது சரியா?” என்று கேட்காமல், “இந்த 12 வரியைப் பார்த்தா உங்களுக்கு என்ன காரணம் தெரியுது?” என்று கேளுங்கள்.

தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, வேலைக்கே உட்கார முடியாதது, இவை இரண்டு வாரம் பெரும்பாலான நாட்கள் இருந்தால் தொழில் சந்தேகம் என்று விட்டுவிடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

---

நேர்வகிடு பதில்:

மேலே இருவரும் மென்மையாகச் சொல்லிவிட்டார்கள். சில சமயம் சந்தேகம் சரியாகத்தான் குத்தும்.

டேட்டா என்ன சொன்னாலும் சொன்ன இடம் தப்பு. சம்பளம் வாங்கும் மெர்ச்சண்டைசர் முன்னால், அக்கவுண்டன்ட் முன்னால், புரொடக்‌ஷன் முதலாளியைப் பெயர் சொல்லிக் காரணமாக்கினீர்கள். மறுநாள் அந்த மெர்ச்சண்டைசர் தம்பியிடம் எப்படி “சார், பிளான் மாத்தாதீங்க” என்று சொல்ல முடியும்? ஆளைச் சொல்லாமல் படியைச் சொல்லியிருக்கலாம்: “மார்க்கர் அப்ரூவலுக்கும் கட்டிங்குக்கும் நடுவுல மாற்றம் வருது, அதுக்கு ஒரு ஒப்புதல் முறை இல்லை.” தம்பிக்கே அது தன்னைத்தான் என்று புரிந்திருக்கும், ஆனால் தலை குனிய வேண்டியிருந்திருக்காது.

இடத்துக்கு மன்னிப்பு கேளுங்கள், விஷயத்துக்குக் கேட்காதீர்கள். வரிசை முக்கியம். முதலில் அண்ணனிடம் ஒரு வரி: “தம்பிகிட்ட நேர்ல பேசலாம்னு இருக்கேன், உங்களுக்குச் சொல்லிட்டுப் போறேன்.” அவருக்குத் தெரியாமல் தம்பியிடம் போனால் புதுச் சிக்கல். பிறகு தம்பியிடம், ஆபீஸ் ரூமில் வேண்டாம், அவர் இடத்தில், கட்டிங் டேபிள் பக்கத்தில், ஆள் குறைவான நேரத்தில். “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்க பேரைச் சொன்னது சரியில்லைங்க. உங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன், பிளான் எதுனால மாத்த வேண்டி வருது?” கேட்டுவிட்டு நோட்டை எடுங்கள். அவர் சொல்வதில் பாதி உங்கள் ரிஜிஸ்டரில் இருக்காது.

“உங்க மனசு புண்பட்டிருந்தா” என்று ஆரம்பிக்க வேண்டாம். அது மன்னிப்பு இல்லை, புண்பட்டது அவர் குறை என்று சொல்வது. மூன்று வாக்கியத்துக்கு மேல் போனால் உங்களை அவர் தேற்ற வேண்டியதாகிவிடும்.

அந்தப் “பயமாத்தான் இருக்கு” விஷயம். உள்ளோட்டம் சொன்ன ஆய்வு இருக்கட்டும். பணம் வாங்குகிற இடத்தில் மனம் திறப்பதற்கு ஒரு அளவு உண்டு. டேட்டாவுக்கு முன்னால் வந்தால் எதிரில் இருப்பவர் டேட்டாவை விட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். பின்னால் வந்து, கூடவே ஒரு கோரிக்கையும் இருந்தால் வேலை செய்யும்: “இதைச் சொல்றது எனக்குச் சங்கடமா இருக்கு. அதனால, சரியா தப்பான்னு நீங்க ஒரு வாரத்துல சொல்லணும்.” ‘சொல்லாம ஃபீஸ் வாங்குனா மனசு ஒப்பாது’ என்பதை நான் எடுத்துவிடுவேன். நீங்கள் நேர்மையானவர் என்று நீங்களே சொல்ல, அங்கே இருப்பவர்கள் ஆமோதிக்க வேண்டிய கட்டாயம்.

அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: குறிப்பிட்ட ஆளைத் தொடும் எதையும் ரிவ்யூவுக்கு முன்பே அவரிடமும் முதலாளியிடமும் தனியாகச் சொல்வேன், அதற்குப் பிறகு ஏழு நாளுக்குள் எனக்குப் பதில் வேண்டும். எழுதி வைத்திருந்தால் மௌனத்துக்கும் ஒரு கடைசித் தேதி வந்துவிடும். ஏழாம் நாள் கேட்பதற்குத் தைரியம் வேண்டியதில்லை, ஒப்பந்தம் கேட்கிறது.

---

கணக்குப்பிள்ளை பதில்:

யாரும் பணத்தைத் தொடவில்லை. இந்தப் பயத்தில் எவ்வளவு பகுதி வருமானப் பயம் என்று தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

கடந்த 12 மாத வரவில் இந்தக் கம்பெனியின் பங்கு எத்தனை சதவீதம்? 40க்கு மேல் இருந்தால் அந்த முதலாளியின் ஒவ்வொரு முகச்சுளிப்பும் உங்கள் வீட்டு வாடகை போலத் தெரியும். அதற்கு மனப்பயிற்சி மட்டும் போதாது, இன்னொரு கம்பெனி வேண்டும், அல்லது வீட்டுச் செலவும் தொழில் செலவும் சேர்த்து ஆறு மாதத்துக்குத் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். இது என் கணிப்பு, சட்டம் இல்லை.

இந்த மாதப் பில்லைத் தேதி தவறாமல் போடுங்கள். சங்கடத்தில் பில்லைத் தள்ளிப்போடுவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். “நிலைமை சரியாகட்டும், அப்புறம் அனுப்பறேன்” என்பார்கள். முதலாளிக்கு அது உங்கள் குற்ற உணர்ச்சிக்கு ரசீது. அக்கவுண்டன்டுக்கோ அடுத்த மாதப் பட்டியலில் தள்ள ஒரு சாக்கு. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் கணக்கு இப்படி வரும்: ஃபீஸ் 60,000, அதற்கு 18 சதவீதம் 10,800, பில் 70,800. ஃபீஸில் 10 சதவீதம், 6,000, டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு 64,800 வர வேண்டும். ஜி.எஸ்.டி.யைப் பில்லில் தனி வரியாகக் காட்டாவிட்டால் சிலர் மொத்தத்துக்கும் டி.டி.எஸ். பிடித்துவிடுவார்கள். குறைந்து வந்த பணத்தைப் பார்த்து “கோபத்துல வெட்டிட்டாங்க” என்று நினைக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்திருக்கிறீர்களா? ஆலோசனைச் சேவைக்கும் குறுந்தொழிலாகப் பதியலாம், இலவசம். 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் போட்ட தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைக் காட்டி மிரட்டச் சொல்லவில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தால் போதும், அவர்கள் ஆடிட்டரே கவனித்துக்கொள்வார். ஆனால் பதிவு வேலை தொடங்கும் முன்பே இருப்பதுதான் பாதுகாப்பு, தகராறு வந்த பிறகு எடுப்பதை நம்ப வேண்டாம்.

அடுத்த தடவை கசப்பானது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், அதற்கு முந்தைய பில் பணம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாக்கி நிற்கும்போது சொன்னால் உங்களுக்கே தெரியாமல் குரல் இறங்கும்.

---

நூல்கண்டு பதில்:

எல்லோருக்கும் நன்றி. பில் போட்டுவிட்டேன். தறிமேடை சொன்ன மாதிரி 12 ஆர்டரை எடுத்தேன். லேட் ஆனது 5, அதில் மார்க்கருக்குப் பிறகு மாற்றம் வந்தது 4. நேரத்துக்குப் போனது 7, அதில் மாற்றம் 3. லேட் ஆன அந்த 4இல் 3க்குத் துணி டயா குறைந்து வந்திருக்கிறது, தேதியும் தள்ளித்தான் வந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் காரணமே எழுதவில்லை. அண்ணன், “செவ்வாய்க்கிழமை வாங்க, தம்பியும் இருப்பான்” என்று மெசேஜ் போட்டிருக்கிறார்.

இப்போது பயம் வேறு மாதிரி. பாதி தப்பு என்று அங்கே போய் எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்து நான் சொல்லும் எதையும் நம்புவார்களா?

---

தறிமேடை பதில்:

பாதி தப்பு என்று நீங்கள் சொல்வதையே அங்கே சொல்லாதீர்கள், அது துல்லியமில்லை. உங்கள் பட்டியல் சொல்வது இது: மாற்றம் வருகிறது என்பது சரி. மாற்றம் தம்பியின் பழக்கத்தால் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, பெரும்பாலும் துணியால் வருகிறது. காரணம் ஒரு படி மேலே, காம்பாக்டிங்கிலோ அதற்கும் முன்னால் நிட்டிங் டயாவிலோ இருக்கிறது. இதை இப்படியே மூன்று வாக்கியமாகச் சொல்லுங்கள். “அன்னைக்கு நான் சொன்னதுல இது நிக்குது, இது நிக்கலை” என்று ஆரம்பித்தால் போதும்.

நம்புவார்களா என்பதற்கு: முடிவு தப்பாக வந்தால் எடுத்த முடிவே மோசம் என்று எடைபோடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, 1988இல் பாரனும் ஹெர்ஷியும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதை உங்கள்மேலேயே பிரயோகிக்காதீர்கள். அன்று உங்கள் கையில் லேட் ஆன ஆர்டர் விவரம் மட்டும்தான் இருந்தது, முழுப் பட்டியல் எடுக்காமல் ஆளைச் சொன்னதுதான் குறை. இனி ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் முன்னால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன சொல்லப்போகிறேன், எந்த ஆதாரத்தில், நூற்றுக்கு எத்தனை உறுதி, எது தெரிந்தால் மாற்றிக்கொள்வேன். நூற்றுக்கு 60 என்று எழுதிவிட்டு அறையில் 95 போலப் பேசினால் ராத்திரி வருகிற சந்தேகம் அந்த 35க்குத்தான்.

செவ்வாய்க்கிழமைக்கு வெறும் பட்டியலோடு போகாதீர்கள். துணி வந்து இறங்கியதும், விரிக்கும் முன்னால், ஒவ்வொரு லாட்டிலும் ரோலுக்கு மூன்று இடத்தில் அகலமும், ரவுண்ட் கட்டரில் வெட்டி ஜி.எஸ்.எம்.மும் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) அளந்து எழுதும் ஒரு பக்கப் படிவம் தயாரித்துக்கொள்ளுங்கள். அகலம் மார்க்கருக்கு மேல் இருந்தால் வெட்டலாம். குறைந்தால் அன்றே காம்பாக்டிங்குக்குத் திருப்புவதா, புது மார்க்கரா என்று தம்பி கையெழுத்துப் போடட்டும், நேரத்தோடு. காரணம் எழுதாத அந்த ஒரு ஆர்டரைப் பற்றி அண்ணன் முன்னால் கேட்க வேண்டாம். கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், பட்டியலைத் தம்பியிடம் முதலில் காட்டி, அந்த வரியை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். நேர்வகிடு சொன்ன மூன்று வாக்கியத்துக்கும் அதுதான் நேரம். அவர் வரச் சம்மதிக்காவிட்டால் கட்டிங்குக்கு நீங்களே போங்கள், பேனா இரண்டு எடுத்துக்கொண்டு.